முறையும் குறியும் உடையும் நிலமும்

விளையாட்டுக்களை ஆராயப் புகுவார் அவற்றை இருவகையாகப் பகுத்துக்கொள்ளுதல் எளிது. சதுரங்கம், ஆடுபுலியாட்டம் போல்வன கருத்தால் ஆடப்படுவன. ஒருவர் காயை நகர்த்துமளவும் மற்றவர் காத்திருப்பர். எந்தக் கட்டத்தில் வைக்க எண்ணினாரோ அந்தக் கட்டத்திலேயே காய் தவறாது சென்று அமரும். கோலி, கிட்டிப்புள் முதலியன கையால் ஆடப்படுவன. இவற்றில் எண்ணம் எவ்வளவு செவ்விதாயினும் விரல் நடுங்குமாயின் பயனில்லை. முன்னதில் பிழைபடுவது அறிவு. பின்னதில் பிழைபடுவது பெரும்பாலும் கை. இவ்விரண்டனையும் ஒன்றாய்ப் பிணைத்து, ஆடுகளமே ஆட்டத்தாற் சிதைந்துகொண்டு வரும் என்னும் மூன்றாவதொரு விதியையும் கூட்டினால் யாதாகும்? தரையில் வரைந்த ஆடுபுலிக் கோடுகள் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் சிறிது சிறிதாக அழிந்துபோகுமாயின், ஆடுவோர் நிலை எங்ஙனமிருக்கும்? இவ்வினாவிற்கு விடைபோல் அமைந்த கணினி விளையாட்டொன்றைக் குறித்து ஈண்டுச் சில கூறக் கருதுகின்றோம். 1995-ஆம் ஆண்டில் இங்கிலாந்தினின்றும் வெளிவந்த ‘வோர்ம்ஸ்’ என்பதே அது. ‘புழுக்கள்’ என்பது அப்பெயரின் பொருள்.

கல்லூரி மலரில் இதற்கும் இடமுண்டோ என்று மூத்த அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். எறிபொருளின் இயக்கத்தை இயற்பியல் வகுப்பில் ஓராண்டு கேட்டும் தெளியாத மாணவர் சிலர், இவ்விளையாட்டை ஒரு மாலைப்பொழுது ஆடித் தெளிந்தமையை யாம் நேரிற் கண்டிருக்கின்றோம். அவ்வொன்றே எமக்குப் போதிய காரணம்.

குண்டெறியும் கோணத்தையும் வேகத்தையும் மாறிமாறித் தேர்ந்து ஒருவரையொருவர் தாக்கும் விளையாட்டுக்கள் கணினிகளில் 1970-களிலேயே தோன்றிவிட்டன. 1991-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் ஐந்தாம் பதிப்போடு ‘கொரில்லாஸ்’ என்றோர் ஆட்டம் விலையின்றிக் கிடைத்தது. மாடிக் கட்டடங்களின் உச்சியில் நிற்கும் இரண்டு பெருங்குரங்குகள் ஒன்றையொன்று வாழைப்பழத்தால் அடிக்கும். கோணத்தையும் வேகத்தையும் எண்களாகத் தட்டிக் கொடுத்தல் வேண்டும். பழைய மாணவரிற் பலர் கணினிக்கூடத்தில் ஆசிரியர் முதுகு திரும்பிய வேளையில் இதனை ஆடியிருப்பர் என்பது எம் ஊகம். அதே 1991-இல் வெண்டெல் ஹிக்கென் என்பவர் இயற்றிய ‘ஸ்கார்ச்டு எர்த்’ என்னும் ஆட்டத்தில் பீரங்கி வண்டிகள் மலைச்சரிவுகளில் நின்று பொருதன. குண்டு பட்டவிடத்து மண் பறிந்தது. இவற்றிலெல்லாம் ஆடுவோர் எவ்வளவு நேரமாயினும் எண்ணமிடலாம். கையின் பங்கு மிகச் சிறிது.

ஆண்டி டேவிட்சன் என்னும் ஆங்கில இளைஞர் இம்மரபைத்தான் கையிலெடுத்துக்கொண்டார். ‘அமிகா’ என்னும் கணினிக்குரிய ‘அமிகா ஃபார்மட்’ என்ற பத்திரிகை, ‘பிளிட்ஸ் பேசிக்’ என்னும் நிரல்மொழியின் சுருக்கப் பதிப்பொன்றைத் தன் வாசகர்க்கு வழங்கி, அம்மொழியில் நிரல் எழுதும் போட்டியொன்றையும் நடத்திற்று. டேவிட்சன் தம் ஆட்டத்தை அப்போட்டிக்கு விடுத்தார், பரிசு கிட்டவில்லை. வெளியீட்டாளர் சிலர்க்கும் அனுப்பினார், ஏற்பாரில்லை. பின்னர் 1994-இல் இலண்டனில் நிகழ்ந்த ஐரோப்பியக் கணினி வணிகக் கண்காட்சிக்குத் தாமே அதனை எடுத்துச் சென்று ‘டீம்17’ என்னும் நிறுவனத்தார் கடையிற் காட்டினார். அவர்கள் அவ்விடத்திலேயே வெளியிட இசைந்தனர். மறுவருடமே ஆட்டம் அமிகாவிலும் வேறு பல கருவிகளிலும் பரவிற்று. பரிசு பெறாத கட்டுரைகளைக் கிழித்தெறியும் பழக்கமுடைய மாணவர்க்கு இச்செய்தியை நினைவூட்டுகின்றோம். அதற்குமேல் இதனை விரித்தல் வேண்டா.

ஆட்டத்தின் அமைப்பைக் கூறுவாம். கடல் நடுவே மேடும் பள்ளமுமான ஒரு தீவு, பக்கவாட்டில் வெட்டிக் காட்டியதுபோல் தட்டையாகத் தோன்றும். அதில் அணிக்கு நான்காகப் புழுக்கள் சிதறி நிற்கும். ஒவ்வொரு புழுவிற்கும் உயிர் வழக்கமாக நூறு. ஒரு முறைக்கு ஓரணியின் ஒரு புழுவே இயங்கும். அதற்குரிய காலம் பெரும்பாலும் 45 அல்லது 60 விநாடி. அக்காலத்திற்குள் ஊர்ந்தோ தாவியோ கயிற்றில் ஊசலாடியோ இடம்பெயர்ந்து, படைக்கலம் ஒன்றைத் தேர்ந்து, குறிபார்த்து எய்து, எஞ்சிய சில விநாடிகளில் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டும். இடையே தவறி விழுந்து தன்னுடலுக்கு ஊறு நேரின் முறை அவ்வளவோடு முடிந்துபோம். நீரில் விழுந்த புழுவிற்கு மீட்சியில்லை. நூறு உயிரும் நிறைந்திருப்பினும் ஒருங்கே போம். படைக்கலங்களோ நகைப்பிற்கிடமானவை: வெடிக்கும் செம்மறியாடும், சிதறி வெடிக்கும் வாழைப்பழமும் அவற்றுள் அடங்கும். உயிர் முற்றும் இழந்த புழு விடைகூறித் தன்னைத்தானே வெடிவைத்து மாய்த்துக்கொள்ளும். அவ்வெடியும் அண்டை நிற்போரைச் சுடும் என்பதையும், அது மண்ணையும் பறிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இனிக் குறிபார்த்தல். கோணத்தை மேலும் கீழும் உள்ள அம்புவிசைகளால் அமைப்பர். வேகம் எண்ணாற் கொடுக்கப்படுவதன்று. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமே வேகமாகும். விட்டவுடன் குண்டு பறக்கும். கருத்தின் ஆட்டத்திற்குள் கை புகுவது இவ்விடத்தேதான். எறிபொருள் மிகத்தொலை செல்வது 45 பாகைக் கோணத்தில் என்பதை இத்தாலியரான தார்த்தாலியா 1537-இல் எழுதிய நூலிற் கூறினார். அதன் வழி பரவளைவு என்பதைக் கலிலேயோ 1638-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். சமநிலத்தில் எறிதொலைவானது வேகத்தின் வர்க்கத்தையும், கோணத்தின் இருமடங்கிற்குரிய சைனையும் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்ததற்குச் சமம். இது பாடநூலிலுள்ளதே. இதனினின்று ஆடுவோன் கற்கும் செய்திகளோ பாடநூலிற் பெரும்பாலும் இல்லை.

வேகம் வர்க்கமாய் நிற்றலின், விசையை விடுவதில் வேகம் நூற்றுக்கு ஐந்து பிழைத்தால் தொலைவு நூற்றுக்குப் பத்தளவு பிழைக்கும். நானூறு புள்ளி தொலைவிலுள்ள பகைவனை நோக்கி எய்த குண்டு நாற்பது புள்ளி தள்ளி வீழும். அதற்குள் ஒரு குன்றே இருத்தல் கூடும். கோணப்பிழையின் செய்தி வேறு. 45 பாகையில் எய்ய எண்ணி 47-இல் எய்தால் தொலைவு நூற்றில் கால்பங்குகூடக் குறைவதில்லை. 70 பாகையில் எய்ய எண்ணி 72-இல் எய்தாலோ நூற்றுக்கு எட்டரைக்குமேற் குறைந்துபோகும். கையின் பிழை இரண்டிடத்தும் இரண்டு பாகையே; விளைவோ ஒப்பிடற்கரியது. ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரன் தன் திட்டத்தை வகுக்கும்போதே தன் கையின் நடுக்கத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுகின்றான். மேனோக்கி எறிந்து பகைவன் தலையில் வீழ்த்துதல் அழகிய திட்டம். 45 பாகைக்கு அருகே எய்யத்தக்க ஓரிடத்திற்கு முதலில் ஊர்ந்து செல்லுதல் அழகற்ற திட்டம். பின்னதே பெரும்பாலும் வெல்லும். சதுரங்கம் இந்த அறிவை ஒருநாளும் கற்பிப்பதில்லை. அங்கே நகர்த்தப்பட்ட குதிரை வழியில் இடறி விழுவதில்லையன்றோ?

காற்றும் ஒன்று உண்டு. திரையின் அடியில் அதன் திசையும் வன்மையும் ஒரு பட்டையாற் காட்டப்படும். முறைக்கு முறை மாறும். பசூகாக் குண்டை அது தள்ளும், கைக்குண்டைத் தள்ளாது. மெய்யுலகிற் காற்றின் தடை மிகச் சிக்கலானது. இவ்வாட்டத்திலோ காற்றென்பது கிடைத்திசையில் மாறாத ஒரு முடுக்கம். அங்ஙனமாயின் ஓர் அழகிய உண்மை வெளிப்படுகின்றது. கீழ்நோக்கிய ஈர்ப்பும் பக்கம்நோக்கிய காற்றும் இரண்டும் மாறாதனவாகலின், இரண்டுங்கூடிச் சாய்ந்த ஓர் ஈர்ப்பாகவே நிற்கும். குண்டின் வழி அப்பொழுதும் பரவளைவே. அதன் அச்சுமட்டும் சாய்ந்திருக்கும். காற்றின் முடுக்கம் ஈர்ப்பில் நாலில் ஒரு பங்கெனின் அச்சாய்வு 14 பாகை. கணக்கிட்டு நோக்கின், அக்காற்று பின்னின்று வீசும்போது மிகத்தொலை செல்லும் கோணம் 52 பாகையென்றும், எதிர்த்து வீசும்போது 38 பாகையென்றும் வரும். அதாவது 45-உடன் அச்சாய்வின் பாதியாகிய 7-ஐக் கூட்டலும் கழித்தலுமே. இதனை நன்கு ஆடும் சிறுவன் ஒருவன் எமக்குச் சொன்னவிதம் வேறு. “காத்து அடிக்கிற பக்கமே பள்ளம்னு நெனச்சுக்குங்க சார்” என்றான். எம் கணக்கனைத்தும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிற்று.

இனி உடையும் நிலம். இவ்வாட்டத்தில் எமக்கு வியப்பளிப்பன யாவற்றினும் தலையாயது இதுவே. நிலம் என்பது கணினியின் நினைவில் புள்ளிகளின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்கும் மண் உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலை. 1999-இல் வெளிவந்த ‘வோர்ம்ஸ் ஆர்மகெடான்’ என்னும் பதிப்பில் வழக்கமான தீவின் அளவு 1920-க்கு 696 புள்ளி. பெருக்கின் 13,36,320. புள்ளிக்கு ஒரு பிட் என வைத்தால் 1,67,040 பைட் போதும். இற்றைநாளில் ஒரு சிறு நிழற்படத்திற்கும் பற்றாத இடம். குண்டு வெடித்தால், அவ்விடத்தை நடுவாகக்கொண்ட ஒரு வட்டத்துள் அடங்கிய புள்ளிகளெல்லாம் ‘இல்லை’ யாகும். செய்வது அவ்வளவே. ஸ்கார்ச்டு எர்த்தில் ஆதரவிழந்த மண் சரிந்து விழும். இங்கே விழுவதில்லை, அந்தரத்தில் நிற்கும். நியூட்டன் வெகுளக்கூடிய இவ்விதியே ஆட்டத்திற்கு உயிர். ஏனெனில் ஆட்டம் வளர வளரத் தீவு தொங்கும் துண்டுகளாகவும் குகைகளாகவும் ஓரடி அகலப் பாலங்களாகவும் மாறி, தொடக்கத்தில் எவரும் வரையாத ஒரு களம் உருவாகின்றது. அக்களத்தை வரைந்தவை ஆடுவோரின் தவறுகளே.

ஆம், பெரும்பாலும் தவறுகளே. குறி தப்பாத குண்டு பகைவனோடு சிறிது மண்ணைத் தின்றொழியும். குறி தப்பிய குண்டோ வெறும் மண்ணில் ஒரு பள்ளத்தை வைத்துச் செல்லும். அப்பள்ளம் ஆட்டம் முடியுமளவும் அங்கேயே கிடக்கும். நான்கு முறை கழித்து அது பகைவனுக்கு அரணாகலாம். நம் கைக்குண்டு உருண்டு வரும் வாய்க்காலாகலாம். வேண்டுமென்றே குழி தோண்டி உள்ளே ஒளிவாரும் உளர். நிலத்தைத் துளைக்கும் ஊதுவிளக்கும் துரப்பணமும் அதற்குதவும். நெடுநாள் ஆடுவோர் இவ்வொளிவை இழிவென்பர். நேரம் மிகுந்தால் கடல்நீர் மட்டம் உயர்ந்து குழியிலிருப்பாரை வெளியேற்றும் விதியும் ஆட்டத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. விட்டத்துண்டு ஒன்றை வைத்துப் பிளவை மூடலாம். அதுவன்றி இழந்த மண் மீள்வதில்லை.

எம் நினைவிலுள்ள ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் யாம் விடுதியில் வதிந்த காலத்து, ஓரறையில் பழைய கணினி ஒன்றிருந்தது. ஆறு பேர் ஆடுவோம். எம்முள் இருவர், உணவுக்கூடச் செயலர் தேர்தலை முன்னிட்டு மனங்கசந்து, இரண்டு வாரமாகத் தம்முட் பேசாதிருந்தனர். அவ்விருவரில் ஒருவர் இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஒருநாளிரவு ஏனையோர் அணிகள் மாய்ந்துபோக எம் புழு ஒன்றும் அவர் புழு ஒன்றும் எஞ்சின. எமக்குப் பதினெட்டு உயிர். அவர்க்கு அதனினும் குறைவு. சரிவின் உச்சியில் அவர் நின்றார். கீழே யாம். மூன்று விநாடித் திரியமைத்த கைக்குண்டொன்றை எறிந்தோம். கோணம் சரியே, வேகம் இம்மியளவு குறைந்தது. குண்டு அவர் காலடிக்குச் சற்றுக் கீழே விளிம்பில் மோதி, முன்னைய முறையொன்றில் யாம் குறி தப்பி வெட்டிய பள்ளத்துள் வீழ்ந்து, அதன் சரிவில் உருண்டு, எம்மிடமே வந்து வெடித்தது. எம் புழு கடலுள் போயிற்று. அறை முழுதும் கொல்லென்று நகைத்தது. விசைப்பலகையை வாங்கக் கைநீட்டியிருந்த அவர், “அந்தப் பள்ளத்த வெட்டினது யாருப்பா?” என்றார். இரண்டு வாரத்தில் எம்மிடம் அவர் பேசிய முதற்சொல் அது. “நாந்தான்” என்றோம்.

முறைவைத்து ஆடுதலின் பயன் இவ்விடத்து விளங்கும். ஒரே திரையும் ஒரே விசைப்பலகையும் இருப்பின், ஒருவர் முடித்துப் பிறர் கையில் அதனைக் கொடுத்தேயாகவேண்டும். ஒருவர் ஆடும்போது ஐவர் வாளாவிருந்து காண்பர். காண்பவர் அனைவர்க்கும் அடுத்து நேரப்போவது சிறிது முன்னரே தெரியும். பள்ளத்தை நோக்கிக் குண்டு உருளும் அந்த ஒன்றரை விநாடியில் எறிந்தவனையொழிய எல்லோரும் நகைக்கத் தொடங்கிவிடுவர். எல்லோரும் ஒருங்கே சுட்டுக்கொண்டிருக்கும் ஆட்டங்களில் அவரவர் தத்தம் துப்பாக்கியையே நோக்குவர். பிறன் பிழையைக் கண்டு மகிழ அங்கே எவர்க்கும் ஓய்வில்லை.

ஆகவே முறை, குறி, உடையும் நிலம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது எம் துணிபு. முறையில்லையேல் நிலத்தின் மாற்றத்தை எண்ணிப் பார்க்கக் காலமில்லை. கையாற் குறிபார்த்தல் இல்லையேல் பிழையில்லை. பிழையில்லையேல் வேண்டாத பள்ளங்களும் இல்லை. நிலம் உடையாதாயின் பிழை அம்முறையோடு மறைந்துபோம். வெளியீட்டார் தாமே இதனைச் சோதித்தவர்போல் இரண்டு முறை அமைப்பை மாற்றினர். 2003-இல் ‘வோர்ம்ஸ் 3டி’ என்று முப்பரிமாணமாக்கினர். நிலம் உடைந்தது, முறையும் இருந்தது, ஆயின் தொலைவைக் கண்ணால் அளத்தல் அரிதாகி, பிழைக்குக் காரணம் கையோ காட்சிக்கோணமோ என்று ஆடுவோன் மயங்கினான். பின்னர்த் தட்டைப் படத்திற்கே மீண்டனர். 2010-இலும் 2016-இலும் வந்த பதிப்புக்கள் அத்தகையன. 2020 டிசம்பரில் ‘வோர்ம்ஸ் ரம்பிள்’ வந்தது. அதில் முப்பத்திருவர் வரை ஒரே காலத்திற் பொருவர்; முறையுமில்லை, நிலமும் உடைவதில்லை. ஆட்டம் விரைவுடையதே. எனினும் அதனை ஆடியபின் நினைவில் எஞ்சிய பள்ளம் ஒன்றேனும் எமக்கில்லை.

அதே 2020 ஜூலையில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1999-ஆம் ஆண்டின் ஆர்மகெடானுக்கு 3.8 என்னும் புதுக்கிய பதிப்பு வெளிவந்தது. அதனைச் செய்தவர் தம் ஓய்வுநேரத்தில் உழைத்த இரசிகர்கள். இருபத்தோராண்டுக்குப் பின்னரும் பழையதைப் பழுது பார்ப்பார் உளராதற்கு அதன் உள்ளமைப்பும் ஒரு காரணமாகலாம். அவ்வாட்டத்தின் பதிவுக்கோப்பில் புழுக்களின் இருப்பிடமோ நிலத்தின் படமோ எழுதப்படுவதில்லை. எந்நொடியில் எவ்விசை அழுத்தப்பட்டது என்பதே எழுதப்படும். பதிவைத் திறந்தால் கணினி தொடக்கத் தீவினின்று கணக்கை மீண்டும் நடத்தி ஒவ்வொரு பள்ளத்தையும் புதிதாய் வெட்டிக் காட்டும். தொலைவிலுள்ள இருவர் வலைவழி ஆடும்போதும் அங்ஙனமே. இரண்டு கணினியும் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்கின்றன. ஒரு புள்ளி மாறினும் இரண்டு தீவும் வெவ்வேறாய்ப் பிரிந்துவிடும். கணக்கின் துல்லியத்தை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை.

கணினி பயிலும் மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்க விரும்பின், 320-க்கு 200 புள்ளி கொண்ட ஓர் அட்டவணையோடு தொடங்குக. இரண்டு மூன்று சைன் அலைகளைக் கூட்டி, அவ்வளைவின் கீழுள்ளவற்றை மண்ணாக்குக. குண்டின் கிடைவேகத்தோடு காற்றையும், நிலைவேகத்தோடு ஈர்ப்பையும் படிதோறும் கூட்டுக. மண்ணிற் பட்டவுடன் வட்டத்தை அழிக்குக. ஐம்பது வரிக்குள் முடியும். ஒன்றில்மட்டும் விழிப்பு வேண்டும். விரைந்து செல்லும் குண்டு ஒரு படிக்கு ஏழெட்டுப் புள்ளி தாவும். தாவிய இடத்தைமட்டும் சோதித்தால், நாலு புள்ளித் தடிப்புள்ள சுவரைக் குண்டு பேய்போல் ஊடுருவிப் போய்விடும். இடைப்பட்ட ஒவ்வொரு புள்ளியையும் சோதித்தல் வேண்டும். யாம் முதன்முறை எழுதியபோது இதனை அறியாது, கணினி கெட்டுவிட்டதென்று ஒரு நாள் முழுதும் அதனை வைதுகொண்டிருந்தோம்.